மூன்றாம் நாள் உபயத்தில் ஈராக்

அமெரிக்கா ஈராக்குக்குள் புகுந்து ஓராண்டு கடந்திருந்தது. அந்த ஓராண்டில் மலேசியாவில் எங்கள் பாடாங் செராய் வட்டாரத்தில் அந்தப் போரைப் பற்றிக் கருத்தில்லாத ஒரே ஜீவன், சாலையோர ஒட்டுக்கடைக்குப் பின்னால் படுத்திருக்கும் நாய்தான். அதையும் யாரும் கேட்கவில்லை, அவ்வளவே. நான் அப்போது வண்டிகளுக்குக் காப்புறுதி எடுத்துத் தரும் முகவர். காலையில் குருணில் ஒரு லாரிக்காரர், மாலையில் கோலா கெத்திலில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர், நடுவில் உலக அரசியல். நாலு புத்தகம் படித்தவன் என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவன் நான்தான்.

பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஐந்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். அன்றைய பூசை, சோறு, மேடை நிகழ்ச்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. மூன்றாம் நாள் உபயம் அந்த வருஷம் நான் அண்ணன் என்று கூப்பிடும் ஒரு லாரிக்காரரின் வீட்டுக்கு வந்தது. பதினைந்து வருஷம் பாமாயில் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றியவர். அவர் லாரிக்கு நான்தான் காப்புறுதி. ஏழு மாதத்துக்கு முன் லாரியை விற்றுவிட்டு, ஒப்பந்தத்தில் குவைத்துக்கு ஓட்டுநராகப் போயிருந்தார். கணவர் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அவர் மனைவி, எனக்கு அக்கா, அந்த உபயத்தை எடுத்திருந்தார்.

மூன்றாம் நாளுக்குப் பட்டிமன்றம் என்று முடிவானது. தலைப்புக்குக் கூட்டம் போட்டோம்.

"கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா?" என்றார் கோயில் தலைவர்.

"அது போன வருஷமே பேசியாச்சு அண்ணே. தனிக் குடும்பம் ஜெயிச்சு, ஒங்க மருமக சுங்கை பட்டாணிக்கே தனிக்குடித்தனம் போயிருச்சு" என்றார் ஒருவர்.

நடுவராக இருக்கப்போகும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "ஈராக் போருக்குக் காரணம் எண்ணெயா, கொடுங்கோலனா? அப்படி வைப்போம்."

"சாமி கோயில்ல சண்டையா லா?" என்றார் தலைவர்.

"மாரியம்மன் கையில என்ன இருக்கு, பூங்கொத்தா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தலைப்பு நிறைவேறியது. எண்ணெய் அணி எனக்கு.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அண்ணன் குவைத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். வீட்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பேசுகிறவர், எனக்கு ஏன் பேசுகிறார் என்று யோசித்தேன்.

"தம்பி, குவைத்துக்குள்ளதான் ஓட்டுறேன்னு வீட்டுல சொல்லியிருக்கேன். இப்ப எல்லைய தாண்டி ஈராக்குக்குள்ள அனுப்புறானுங்க. பட்டாளத்துக்குத் தண்ணி. முன்னால ஒரு வண்டி வெடிச்சா நிக்கக் கூடாதாம். ஒதுக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கணும்."

"வந்துருங்கண்ணே."

"இந்த மாசக் கடைசில ஒப்பந்தம் முடியுது. அப்புறம் வந்துருவேன். அதுவரைக்கும் அவளுக்குத் தெரிய வேணாம், தூங்க மாட்டா. யாராச்சும் ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னுதான் சொல்றேன். அப்புறம் இன்னொன்னு. வீட்டுக்குப் பின்னால வேலி பிஞ்சி கெடக்கு. காட்டுப்பன்னி பூந்து மரவள்ளிய நோண்டுதாம். நேரம் கெடைச்சா கட்டிக் குடு."

இரண்டுக்கும் சரி என்றேன்.

மூன்றாம் நாள் நல்ல கூட்டம். எதிரணியில் தோட்டத்தின் பழைய கிராணி. கணக்கப்பிள்ளை வேலையில் நாற்பது வருஷம் பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியே தேவைப்படாத குரல். "சொந்த ஜனத்தையே கொன்னவன வேற யாரு எறக்குறது? நம்ம காப்புறுதி ஏஜெண்டா? இவருகிட்ட ஒரு சைட் கண்ணாடி ஒடைஞ்சா ஆறு மாசம் அலையணும்!" என்றார். விசில் பறந்தது. பெண்கள் பக்கத்தில்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் தயாரித்து வைத்திருந்தது எண்ணெய்க் கிணறுகள், கண்டுபிடிக்கப்படாத ஆயுதங்கள், இரண்டு நல்ல நகைச்சுவை. அவருடைய சைட் கண்ணாடிக்கு முன்னால் அதெல்லாம் செல்லாது என்று தெரிந்தது. ஒலிபெருக்கியைப் பிடித்த பிறகு என் வாய் தானாகவே வேறு பக்கம் திரும்பியது.

"நடுவர் அவர்களே! கொடுங்கோலனை இறக்கப் போன பட்டாளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவது யார்? அவர்கள் பிள்ளைகளா? இல்லை, நம்ம ஆள்! இதே மண்ணில் செம்பனைக் குலை ஏற்றிய கை, இன்று எல்லையைத் தாண்டி அந்த லாரியை ஓட்டுகிறது. முன்னால் ஒரு வண்டி வெடித்தால் நிற்கக் கூடாதாம், ஒதுக்கிவிட்டுப் போக வேண்டுமாம்! போர் அவர்களுடையது, எண்ணெய் அவர்களுடையது, பிணம் யாருடையது?"

பேர் சொல்லவில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு இருந்தது. கைத்தட்டல் பின்வரிசையில் இடியாகக் கிளம்பி, முன்வரிசைக்கு வருவதற்குள் செத்துப்போனது. அந்தத் தோட்டத்திலிருந்து லாரி ஓட்ட வெளிநாடு போனவர் ஒருவர்தான். அவர் மனைவி முன்வரிசையில் உபயகாரருக்குரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் கோயில் மேடையில் ஒரு வழக்கம் உண்டு. தீர்ப்பைச் சொல்லிவிட்டால் ஜனம் எழுந்து சோற்றுப் பந்திக்கு ஓடிவிடும். அதனால் மரியாதை முதலில், தீர்ப்பு கடைசியில். பேச்சாளர்களுக்கு உபயகாரர் கையால்தான் பொன்னாடை. அக்கா மேடையேறி வந்தார். கிராணிக்குப் போர்த்தினார். பிறகு எனக்கு. இரண்டு பக்கமும் சமமாகத் தொங்குகிறதா என்று இழுத்துச் சரிசெய்தார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் செய்வதுபோல.

"அந்தத் தண்ணி லாரி ஓட்டுற ஆளு யாரு தம்பி?"

"பொதுவா சொன்னேன்க்கா."

"பொதுவா." பொன்னாடையின் ஒரு நுனியை மறுபடியும் இழுத்துவிட்டார். "வண்டி வெடிச்சா ஒதுக்கிட்டுப் போகணும்னு பொதுவா யாரு ஒங்ககிட்ட சொன்னா?"

குனிந்து என் வெறுங்காலைப் பார்த்தேன். மேடையில் நான் தலை குனிந்ததை ஊர் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் படியிறங்கி, தான் ஏற்பாடு செய்த சோற்றைத் தாண்டி, வீட்டுக்கு நடந்தார். தலைமையாசிரியர் எழுந்து தீர்ப்புச் சொன்னார். எங்கள் அணிக்குத்தான் வெற்றி. பொன்னாடையோடு நின்று கும்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மறுநாள் அக்கா கேட்க, அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு அக்கா போனை எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அண்ணன் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"ரெண்டுதானே தம்பி கேட்டேன். ஒன்னு மறைக்கச் சொன்னேன், ஒன்னு கட்டச் சொன்னேன். போனை எடுக்கச் சொல்லு அவள. அது போதும்."

போனேன். அக்கா கதவைப் பாதி திறந்து நின்றார். உள்ளே தொலைக்காட்சிப் பெட்டிமேல் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுங்கக்கா. அண்ணன்தான்."

"தெரியும். எடுத்தா ஏதாச்சும் சொல்லிச் சமாதானம் பண்ணிருவாரு. நானும் சரின்னுருவேன். எடுக்கலன்னா பயந்துகிட்டு வந்துருவாரு. வரட்டும். வந்து நேருல பேசட்டும்."

நான் யோசித்துப் பார்த்தேன். ஒப்பந்தம் முடியட்டும் என்று காத்திருப்பதையும், என் ஒலிபெருக்கி வாதங்களையும்விட அது நல்ல உபாயமாகத்தான் பட்டது. "செய்யுங்கக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலியைப் பற்றி நினைவே வரவில்லை.

அக்கா போனை எடுக்காமல் விட்ட ஒன்பதாம் நாள், குருணில் ஒரு லாரிப் பட்டறையில் நிற்கும்போது எனக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. அண்ணனோடு வண்டி ஓட்டும் கேரளத்துக்காரர். வீட்டு எண்ணுக்குப் பலமுறை அடித்தாராம், யாரும் எடுக்கவில்லையாம். அண்ணன் முன்பே என் எண்ணையும் கொடுத்துவைத்திருந்தார். வெடித்தது அன்றைக்கு முன்னால் போன வண்டி இல்லை. அண்ணனுடைய வண்டி. பின்னால் வந்தவர்கள் ஒதுக்கிவிட்டுப் போக வேண்டியிருந்தது. இவரும் அவர்களில் ஒருவர். அதைச் சொல்லும்போது மலையாளத்துக்கு மாறிவிட்டார். எனக்குப் புரிந்தது.

குருணிலிருந்து அந்த வீடுவரை வண்டியை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. இந்தத் தடவை பொதுவாகச் சொல்ல வழியில்லை.

பெட்டி பினாங்கு வழியாக வந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சாவு வீட்டுக் கூடாரத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளில், ஆண்கள் அரை மணிநேரம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு யாரோ ஒருவர் "எல்லாம் எண்ணெய் செய்யுற வேலை லா" என்றார். கிராணி, பாவம், அழுதுகொண்டே, "அந்தக் கொடுங்கோலன் மட்டும் இல்லாமப் போயிருந்தா..." என்று ஆரம்பித்தார். பேச்சு சூடுபிடித்தது. தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. அண்ணன் குவைத் போகுமுன் தன் பேரில் என்னிடம் எடுத்த விபத்துக் காப்புறுதியில் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி உண்டு: போர், அறிவித்ததாயினும் அறிவிக்காததாயினும், அதனால் நேரும் மரணத்துக்கு இது பொருந்தாது. அந்த வரியை எழுதியவர்கள் காரணம் எதையும் விசாரிக்கவில்லை. நான் எழுந்துபோய்க் கொதிக்கும் தேநீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், ஒரு சுருள் முள்கம்பியும் குறடும் வாங்கிக்கொண்டு போனேன். வீட்டுக்குப் பின்னால் மரவள்ளிப் பாத்தி உழுது போட்டதுபோல் கிடந்தது. பன்றிகள் எதையும் மிச்சம் வைக்கவில்லை. காக்க ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றி நான் கம்பி இழுத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கைவேலை வராது. இரண்டாவது கம்பத்திலேயே விரலைக் கிழித்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டு அக்கா வந்தார். என்ன, ஏது என்று கேட்கவில்லை. கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். மூன்று கம்பம்வரை இழுத்துக் கட்டினோம்.

"அன்னைக்கு யாரு தம்பி ஜெயிச்சது? நான்தான் பாதியில வந்துட்டேனே."

"நாங்கதான்க்கா."

"என்னன்னு தீர்ப்பு?"

"எண்ணெய்க்காகத்தான் சண்டைன்னு."

அக்கா தலையாட்டினார். "அதான் அவரு போறப்பவே சொன்னாரே. எண்ணெய்க்கு அடிச்சுக்குறானுங்க, அதான் டிரைவருக்கு நல்ல சம்பளம்னு."

நான் கம்பியை விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

"இழுத்துப் புடிங்க தம்பி," என்றார் அக்கா. "தொய்யுது பாருங்க."