புளியங்கொட்டைத் தேர்தல்

காலி பிளாஸ்டிக் குடத்தைத் தார்ச்சாலையில் இழுத்தால் ஒரு சத்தம் வரும். பல் கூசி, முதுகுத்தண்டு வரை இறங்கும் சத்தம். ஏரிகள் வற்றிப்போன அந்தக் கோடை முழுவதும் மந்தைவெளியில் எங்கள் தெருவே கண்விழித்தது அதில்தான். தண்ணீர் லாரி வரும் நாட்களில் விடிவதற்குள் குடங்கள் தெருமுனையிலிருந்து வரிசையாக உட்கார்ந்துவிடும். மனிதர்கள் பல் தேய்த்துவிட்டுப் பின்னால் வருவார்கள். அந்த வரிசைக்கு ‘லைன்’ என்றும், லாரியின் பின்புறம் தொங்கும் தடித்த ரப்பர் குழாய்க்கு ‘டியூப்’ என்றும் பெயர். டியூப் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் எந்தக் குடம் முதலில் நிறையும், எது முக்கால் குடமாக நகரும் என்று தீர்மானிப்பவர். கல்லூரியில் நான் அரசியல் பாடம் நடத்துகிறேன். அதிகாரம் என்றால் என்ன என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த டியூப்தான் நினைவுக்கு வரும். ஆனால் புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் டியூப்புக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். ஒருவர் தெரு ஆரம்பத்து மாடிக் கட்டடத்தில் இருந்த சுந்தரேசன் மாமா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வே பெறாத ஒரு விசிலைக் கழுத்தில் மாட்டியிருப்பார். வீட்டு எண் வரிசைப்படிதான் குடம் நிரம்ப வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் கட்டடத்தின் எண் ஒன்று. மற்றவர் தெருக்கோடியில், எண்ணே இல்லாத சிறு வீடுகளின் வரிசையில் குடியிருந்து, காலையில் முனையில் இட்லிக்கடை போட்ட ராணியக்கா. முதலில் வந்தவருக்கு முதல் தண்ணீர் என்பது அவர் கொள்கை. லாரி வரும் நாளெல்லாம் அவர்தான் முதலில் வருவார்.

எனக்கும் இதில் ஒரு சொந்த அக்கறை இருந்தது. ராணியக்காவின் மகள் செல்வி என் வகுப்புத் தோழி. லாரி நாட்களில் அவள் தண்ணீர் தூக்கி முடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடி வருவதற்குள் மணி அடித்துவிடும். முதல் பீரியட் முழுவதும் வகுப்புக்கு வெளியே நிற்பாள். மாமாவின் எண் வரிசை அமலுக்கு வந்தால் இரண்டாவது பீரியடும் வெளியேதான் என்பது பத்து வயதிலேயே எனக்குப் புரிந்திருந்தது.

ஒரு வியாழக்கிழமை மாமாவும் ராணியக்காவும் டியூப்பை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். நடுவில் பீறிட்ட தண்ணீர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு கல்லூரிக்குக் கிளம்பிய என் அப்பாவை நெஞ்சோடு நனைத்தது. அப்பாவும் அரசியல் வாத்தியார்தான். வேறொருவராயிருந்தால் சட்டையை மாற்றப் போயிருப்பார். அப்பா அங்கேயே ஈரத்தோடு நின்று, மனிதர்கள் ஏன் கூடி அரசு என்ற ஒன்றை அமைத்தார்கள் என்று கால்மணி நேரம் பேசினார். பேச்சு முடிந்தபோது லாரி போயிருந்தது. டியூப் பிடிப்பவரைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுப்பது, லாரி வராத ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு வாக்குப்பதிவு என்று முடிவாகியிருந்தது.

“உங்க தேர்தல் முடியறதுக்குள்ள மழைக்காலமே வந்துடும்” என்றாள் அம்மா, சட்டையைப் பிழிந்துகொண்டே.

யாருக்கு ஓட்டு என்பதில் முதல் சண்டை. மாமா, “குடத்துக்கு ஒரு ஓட்டு. அதுதான் நியாயம். எங்காத்துல பதினோரு குடம் இருக்கு” என்றார். அந்தப் பதினோரு குடத்துக்கும் வீட்டில் இருந்தது மாமாவும் மாமியும் மட்டும்.

ராணியக்கா இடுப்பில் கைவைத்து, “கொடமா சார் தண்ணி குடிக்குது? ஆளுதானே குடிக்குது. தலைக்கு ஒரு ஓட்டு போடு” என்றார்.

அப்பாவுக்குக் கண்கள் மின்னின. சொத்துள்ளவருக்கே வாக்கு என்பதிலிருந்து எல்லோருக்கும் வாக்கு என்பது வரை மேல்நாடுகள் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்த தூரத்தை எங்கள் தெரு ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டதாக அன்றிரவு சாப்பாட்டின்போது மூன்று முறை சொன்னார். வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு என்று தீர்ப்பாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில், மின்சார மீட்டருக்குக் கீழே வாக்குச்சாவடி. ராணியக்காவுக்கு அவருடைய சிவப்பு பிளாஸ்டிக் குடம். மாமா தன் வீட்டு எவர்சில்வர் குடத்தைத்தான் வைப்பேன் என்று கொண்டுவந்தார். வாக்காளருக்கு ஆளுக்கொரு புளியங்கொட்டை. படிக்கட்டை மறைத்து அம்மாவின் பழைய புடவை. எல்லாம் கச்சிதம். முதல் ஓட்டு விழுந்ததும்தான் கோளாறு தெரிந்தது. எவர்சில்வரில் விழுந்தால் ‘டிங்’. பிளாஸ்டிக்கில் விழுந்தால் ‘டொக்’. வெளியே நின்ற தெரு முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. மாமாவின் மனைவி உள்ளே போய் ‘டொக்’ என்று கேட்டதும் மாமா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். இன்றைய வாக்கு இயந்திரம் யாருக்குப் போட்டாலும் ஒரே மாதிரிதான் கூவுகிறது. அந்தச் சாமர்த்தியம் அன்று எங்களிடம் இல்லை.

குடத்துக்குள் துண்டைப் போடலாம் என்றார் அப்பா. குடிக்கிற குடத்தில் துண்டா என்று அம்மா முறைத்தாள். கடைசியில் அப்பா என்னிடம் ஒரு தட்டையும் கரண்டியையும் கொடுத்து, புடவைக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து விடாமல் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். ரகசிய வாக்கெடுப்பின் மானத்தை நான் ஒருத்தியே அரைமணி நேரம் காப்பாற்றினேன். இரண்டு வாக்காளர்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி கிடைத்தபோது, தட்டுவதை நிறுத்தாமலே, விளையாடப் பாவாடைப் பையில் வைத்திருந்த இரண்டு கொட்டைகளை இடது கையால் எடுத்துச் சிவப்புக் குடத்தில் போட்டேன். வகுப்பு வாசலில் செல்வி நிற்பதை நினைத்துக்கொண்டுதான் போட்டேன்.

பாதிப் பேர் ஓட்டுப் போட்டிருப்பார்கள். தெருமுனையில் ஹாரன் கேட்டது. வராத நாளில் லாரி வந்துவிட்டது.

வாக்காளர் வரிசை ஒரு நொடியில் குட வரிசையானது. சுந்தரேசன் மாமா புடவையை விலக்கிக்கொண்டு வந்து, தனக்கு விழுந்த ஓட்டையெல்லாம் தரையில் கொட்டிவிட்டு எவர்சில்வர் குடத்தோடு ஓடினார். பின்னாலேயே ராணியக்கா வந்தார். சிவப்புக் குடத்தைத் தூக்கப் போனவர் நின்றார்.

“சார், எண்ணியாச்சா?”

“இல்லையேம்மா” என்றார் அப்பா, அழாத குறையாக.

“அப்ப இது இப்டியே இருக்கட்டும். ஜனங்க போட்டது.”

வெறுங்கையோடு அவர் வெளியே போனார். லாரியிலிருந்து இறங்கிய ஆள் கூட்டத்தைப் பார்த்தான். எல்லார் கையிலும் குடம். ஒருத்தர் கைதான் காலி. “இந்தாக்கா, நீ புடி” என்று டியூப்பை அவரிடம் கொடுத்துவிட்டு அவன் டீ குடிக்கப் போனான்.

அன்று எல்லாக் குடமும் கழுத்துவரை நிறைந்தது. மாமாவின் குடமும்தான். லாரி காலியான பிறகுதான் ராணியக்கா ஒரு சொட்டும் பிடித்துக்கொள்ளவில்லை என்பது தெருவுக்கு உறைத்தது. மாமா தன் எவர்சில்வர் குடத்தைக் கீழே வைத்தார். “செல்வியை அனுப்பு, ராணி. எங்காத்துலேர்ந்து ரெண்டு குடம் எடுத்துண்டு போகட்டும்” என்றவர், விசிலைக் கழற்றி ராணியக்காவிடம் நீட்டினார்.

“அது வேணாம் சார். எனக்கு வாய் கீது” என்றார் ராணியக்கா.

அந்தக் கோடை முழுவதும் டியூப் அவர் கையில்தான் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீட்டுக் குடங்கள் முன்னால் என்று அவரே ஒரு சட்டம் கொண்டுவந்தார். யாரும் வாக்கெடுப்புக் கேட்கவில்லை. அப்பா மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமை இரவே கொட்டைகளைத் தரையிலிருந்து பொறுக்கி, குடத்திலிருந்து கொட்டி, ஓட்டுப் போட்டவர்கள் என்று நோட்டில் குறித்த பெயர்களோடு ஒத்துப் பார்த்தார். இரண்டு அதிகமாக இருந்தது. மறுபடி எண்ணினார். “நம்ம தெருவிலேயே கள்ள ஓட்டு” என்றார்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “புளியங்கொட்டைதானே, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்” என்றாள்.

தேர்தல் செல்லாது என்று அப்பா எழுதி மாடிப்படியில் ஒட்டிய அறிவிப்பை யாரும் படித்ததாக நினைவில்லை. உண்மையை அவரிடம் நான் கடைசிவரை சொல்லவேயில்லை.

இப்போது அந்தத் தெருவில் குடமே கண்ணில் படுவதில்லை. லாரி வந்தால் குழாய் நேராக அடுக்குமாடியின் நிலத்தடித் தொட்டிக்குள் போகிறது. யார் வீட்டுக்கு எவ்வளவு என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது, சண்டையும் இல்லை. கோடியிலிருந்த எண்ணில்லாத வீடுகள் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அங்கிருந்தவர்களை நகரத்துக்கு வெளியே பெரும்பாக்கம் பக்கம் குடியமர்த்தி வருடங்கள் ஆகிவிட்டன.

போன தேர்தலன்று ஓட்டுப் போடப் போனேன். எங்கள் தெருவுக்கு உரிய வாக்குச்சாவடியான பள்ளிக்கூடத்து வரிசையில் எனக்கு ஏழெட்டுப் பேர் முன்னால் ராணியக்கா நின்றுகொண்டிருந்தார். முடி முழுதும் வெளுத்து, முழங்காலில் கட்டுப் போட்டிருந்தார். செல்விக்குப் பேரன் பிறந்திருக்கிறானாம். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாராம். பட்டியலில் பெயரை அந்தப் பக்கம் மாற்றிக்கொள்ள ஒரு விண்ணப்பம் போதும், நானே எழுதித் தருகிறேன் என்று படித்தவளாகச் சொன்னேன்.

“தெரியும் கண்ணு. செல்வியும் அதையேதான் சொல்லிகினு கீறா” என்று சிரித்தார். “பேரையும் அங்க மாத்திட்டா, அப்புறம் இந்தத் தெருவுக்கு வர எனக்கு இன்னா வேலை கீது?”