நடுவில் விட்ட வரி

தண்ணீர் கொதித்து இறங்கியதும் மதலேனாள் முதலில் தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். சுட்டால் காத்திருப்பாள். பிறகு இரண்டு உப்புக்கல்லைப் போட்டு, ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற மங்கால் மொண்டு, எதிரே நீட்டியிருக்கும் காலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவாள். மலாயாவில், செர்டாங் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில், ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம், புண்ணில்லாத கால் அபூர்வம். அரிசி நின்று மரவள்ளியே சோறான பின் ஒரு முள் கீறினாலும் புரையோடிப் போயிற்று. தோட்டத்தில் மருந்து கொடுத்தவர் எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டார். பத்தொன்பது வயது மதலேனாளுக்கு வைத்தியம் தெரியாது. கழுவத் தெரியும், துணியை வேகவைத்துக் காயப்போட்டுக் கட்டத் தெரியும்.

உப்பு அவளுடைய பங்கு. தன் கிழங்கை அவள் உப்பில்லாமலே தின்றாள். "நாக்குதானே, சொன்னா கேட்டுக்கும்" என்பாள்.

புண்ணில் கட்டிய துணியை அவிழ்க்குமுன் பெருவிரலால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள். பக்கத்து வீட்டுப் பாப்பம்மாவுக்கு முதலில் அது பிடிக்கவில்லை.

"இந்தா புள்ள, உங்க சாமிய என் கால்ல ஏத்திறாத. நான் மாரியாத்தாளுக்கு நேந்திருக்கேன்."

"உங்களுக்குப் போடலக்கா. இந்த நாத்தம் எனக்குக் கொமட்டுது. எந்திரிச்சு ஓடிறக் கூடாதுன்னு எனக்கே போட்டுக்கிறேன்."

பாப்பம்மா சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு காலை நீட்டியதும் அவளே கேட்பாள்: "போட்டுக்கிட்டியா? ம், அவுரு."

வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டேன் என்பாள் மதலேனாள். கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான அந்த லயம் கறியைக் கண்ணால் கண்டு ஏழெட்டு மாதம். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "அதுக்காக வெள்ளிக்கெழம வராம போயிருமா லா?" என்று அவளும் சேர்ந்து சிரிப்பாள். அன்றைக்கு அவள் கிழங்கில் பாதி பாப்பம்மா பிள்ளைகளுக்குப் போய்விடும்.

லயத்தில் வேதக்காரக் குடும்பம் அது ஒன்றுதான். பெற்றவர்கள் இல்லை. அண்ணன் இன்னாசியும் அவளும். பட்டணத்துச் சாமியார் வருவது நின்றுபோயிருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் இருவரும் முழங்காலில் நின்று சத்தமாகச் செபம் சொல்வார்கள். நடுவில் வெறும் பலகைச் சுவர். அந்தப்புறம் அடுப்பு ஊதுகிற பாப்பம்மாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும்.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் கேட்டு வந்தார்கள். குழந்தைவேலு கங்காணி தன் மகன் பெயரை மறைத்துவிட்டு இன்னாசி பெயரைச் சொன்னார். லாரியில் ஏற்றியபோது இன்னாசி, "அடுப்ப அணச்சிட்டு வந்தியா?" என்று மட்டும் கேட்டான். அவள் தலையாட்டினாள். அணைக்கவில்லை.

அடுத்த முறை வந்தவர்கள் கங்காணியின் மகனையும் கொண்டுபோனார்கள். அந்த வாரமே மண்வெட்டி பட்டுக் கங்காணியின் கால் வீங்கியது. மகனும் போனபின் வீட்டில் வேறு ஆளில்லை. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மதலேனாளும் அந்த வாசல் வரும்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

இப்போது செபத்தைத் தனியாகச் சொன்னாள். கங்காணி படுத்த நாளிலிருந்து ஓர் இடத்தில் குரல் நிற்கும். பிறகு ஒரே தாவாகத் தாண்டிவிடும். ஐந்தாம் நாள் பலகைக்கு அந்தப்புறமிருந்து பாப்பம்மா கூப்பிட்டாள்.

"ஏ மதலேனு, நடுவுல ஒண்ணு விட்டுட்ட லா."

"இல்லக்கா."

"என்ன இல்ல? நாலு நாளா கேக்குறேன். சோறு கேட்டதுக்கு அப்புறம் வருமே, நமக்குக் கெடுதல் செஞ்சவங்கள நாம மன்னிக்கிற மாதிரின்னு. எங்க வீட்டுப் புள்ளைங்களே மனப்பாடமாச் சொல்லுதுங்க. நீ மறந்துட்டியா?"

மதலேனாள் விளக்கைத் தணித்தாள். அந்தப்புறம் அடுப்பு ஊதுவது நின்றது. பலகையோடு வாயை ஒட்டிவைத்துக்கொண்டதுபோல மெதுவாக வந்தது பாப்பம்மாவின் குரல்.

"ஓ... சரி, சரி. அது கஷ்டந்தான் தாயி. விட்டுரு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த "விட்டுரு"தான் குத்தியது.

மறுநாள் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கங்காணி வாசல்வரை போய்த் திரும்பினாள். இரண்டாம் முறை, ஆறிவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டு திரும்பினாள். திரும்பவும் கொதிக்கவைத்தாள். மூன்றாம் முறை உள்ளே போனாள்.

தரையில் கிடந்த கங்காணி அவளைக் கண்டதும் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"நீ வேணாம் தாயி. ஒங்கண்ணன நாந்தான்..."

"பேசாதீங்க கங்காணியாரே. பேசுனீங்கன்னா நான் போயிருவேன். கால நீட்டுங்க."

கோபம் போயிருக்கவில்லை. வெடுக்கென்று மொண்டதில் தண்ணீர் அவள் பாவாடையிலேயே பாதி சிந்தியது. அழுகிய சதையைத் துடைத்தாள். ஊற்றினாள். மறுபடி துடைத்தாள். துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். முடிச்சு இறுகிவிட்டதோ என்று அவிழ்த்து, தளர்த்திக் கட்டினாள். துண்டுக்குள் கங்காணியின் மூச்சு விட்டுவிட்டு வந்தது.

தூக்கி வந்த தகர டின்னில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் மிச்சமிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. சேறு காய்ந்து கிடந்த அவருடைய மற்றக் காலை எடுத்தாள்.

"அதுல புண்ணில்லையே, தாயி" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

அவள் அதை இழுத்துத் தன் மடியில் வைத்து, விரலிடுக்குகளில் ஒட்டியிருந்த மண்ணை ஒவ்வொன்றாகக் கழுவத் தொடங்கினாள்.