சைலன்சரில் மூன்று விரல்

என் வண்டியின் சைலன்சரில் துரு ஏறிப் பல வருடமாகிறது. ஓடுகிற வண்டிக்கு அழகு எதற்கு என்று இருந்தவன் நான். அந்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அதைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததற்குக் காரணம் துரு இல்லை, என் மனைவி. நான்கு மாதமாக அவள் அந்த வண்டியில் ஏறவில்லை.

அவள் சிங்கவரத்தில் அங்கன்வாடி டீச்சர். கல்யாணமான நாளிலிருந்து காலையில் கொண்டுபோய் விடுவது நான்தான். வழியில் அவள் பேசிக்கொண்டே வருவாள், பாதி காற்றில் போய்விடும், நான் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" போடுவேன். நாளில் எனக்குப் பிடித்த நேரம் அது.

ஒரு சந்தை நாளில் அவலூர்பேட்டைக்குப் போயிருந்தோம். கூட்டத்தில் வேர்க்கடலை மூட்டைகளை ஒட்டி நிறுத்திவிட்டேன். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "இந்தப் பக்கம் மல்லாட்ட மூட்ட இருக்குது இல்ல? அந்தப் பக்கமா எறங்கித் தொல" என்று கத்தினேன். அவசரமாக வலது பக்கம் இறங்கினாள். கெண்டைக்கால் சைலன்சரில் பட்டு, சுடிதார் துணியோடு பொசுங்கியது. அப்போதும் என் வாயில் வந்தது, "பாத்து எறங்கக் கூடாதா?"

மறுநாள் காலை அவள் பஸ்ஸுக்கு நடந்தாள். புண் ஆறி எலுமிச்சம்பழ அளவுக்குத் தழும்பானது. சமையல், பேச்சு, சிரிப்பு எல்லாம் பழையபடி இருந்தன. வண்டி மட்டும் இல்லை. மன்னிப்பு கேட்பதெல்லாம் எனக்கு வராத காரியம். பெயிண்ட் அடிக்க வரும்.

ஹார்டுவேர் கடையில் சூடு தாங்கும் கறுப்பு பெயிண்ட் ஒரு டப்பா வாங்கினேன். உப்புத்தாள் போட்டுத் தோள் வலிக்கத் துருவைத் தேய்த்து, தின்னரில் துடைத்து, முருங்கைக் கிளையில் கம்பி கட்டித் தொங்கவிட்டு, மெல்லிசாக மூன்று முறை அடித்தேன். எங்கள் தெருவில் எதைக் காயவைத்தாலும் கோட்டை மலைக் குரங்குகள் பார்வையிட வந்துவிடும். கையில் கம்போடு பொழுது சாயும்வரை காவல் நின்றேன். வடாம் காயப்போட்டால் ஐந்து நிமிடம் நிற்காத மனிதன் என்று அவள் உள்ளேயிருந்து சொன்னது காதில் விழுந்தது.

இந்த பெயிண்ட் காய்ந்தால் மட்டும் போதாது. சைலன்சரை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி ஓடவிட்டு, சூட்டில் வேகவைக்க வேண்டும். அதுவரை விரல் பட்டால் தடம் விழும். பூஜையன்று காலை சைலன்சரை மாட்டினேன். அப்புறம் ஓடவிடலாம் என்று பூவும் பொரியும் வாங்கக் கடைத்தெருவுக்கு நடந்தேன். தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லவில்லை.

திரும்பி வந்தால் சைலன்சரில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம்.

"யாரு தொடச் சொன்னது? கண்ணு தெரியலியா?" தெருவுக்கே கேட்டிருக்கும்.

"தையல் மெஷினுக்கு வெச்சேன், கிரைண்டருக்கு வெச்சேன், அருவாமணைக்கு வெச்சேன். இத மட்டும் எதுக்கு உடணும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஈரத்துணியால் சந்தனத்தை ஒற்றி எடுத்தேன். மூன்று விரல் தடங்களும் பெயிண்டில் அழுத்தமாக இருந்தன. மறுபடி அடிக்கலாம் என்று டப்பாவைக் குலுக்கினேன். அப்போதுதான் உறைத்தது. வண்டிக்குப் பொட்டு வைக்கிறவர்கள் ஹெட்லைட்டில் வைப்பார்கள், டேங்கில் வைப்பார்கள். சைலன்சருக்கு யார் வைக்கிறார்கள்? தன்னைச் சுட்டதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வைத்திருக்கிறாள். அதற்கு நான் கத்தியிருக்கிறேன். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தேன். சைலன்சர் புகைந்தது. எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து, "இன்னா சார், வண்டி எரியுதா?" என்றார். "வேகுது" என்றேன். மூன்று முறை ஓடவிட்டு ஆறவிட்டதில் பெயிண்ட் கல்லாக இறுகியது, விரல் தடங்களோடு.

மறுநாள் விஜயதசமி. புதுப் பிள்ளைகளைச் சேர்க்க வருவார்கள் என்று அவள் சீக்கிரமே பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். குனிந்து சைலன்சரைப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, அப்பிடியே இருக்குது? மிச்ச பெயிண்ட அடிச்சிருக்கலாமில்ல?"

"இருக்கட்டும்." நான் சொல்ல வந்தது அது இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன். "அன்னிக்கி அவலூர்பேட்டைல தப்பு எம்மேலதான். மூட்டைய ஒட்டி நிறுத்துனதும் நான், அந்தப் பக்கம் எறங்கச் சொன்னதும் நான்."

அவள் என்னையே பார்த்தாள். "இத சொல்றதுக்கு ஒங்களுக்கு ஒரு டப்பா பெயிண்ட் வேண்டியிருந்துச்சா?"

பின் சீட் அமுங்கியது. தோளில் கை விழுந்தது. சிங்கவரம் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள், பாதி காற்றில் போனது, நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். அங்கன்வாடி வாசலில் இடது பக்கம் தாராளமாக இடம் விட்டு நிறுத்தினேன். பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது.

இன்ஜினை அணைத்தேன். "மெதுவா எறங்கு" என்றேன்.