காலுக்கு ஒரு கண்ணாடி

என் கணவருக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்று நான் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. சொல்லித் திருந்துகிற ஆளாக இருந்தால் கல்யாணமான மறுவருஷமே திருந்தியிருப்பார். விசைத்தறிக் கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி வேலை. தறிச் சத்தத்தில் யார் என்ன சொன்னாலும் காதில் விழாது. வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியேதான் இருப்பார்.

அருப்புக்கோட்டை டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு நைலான் நரம்பால் உள்ளங்காலை அங்கங்கே தொட்டார். தொடும்போது சொல்ல வேண்டும். கட்டைவிரல், நடுப்பாதம், குதிகால் எல்லாம் தொட்டு முடித்தாயிற்று. இவர் கண்ணை மூடியபடி, "எப்ப சார் வைப்பீக?" என்றார். முள் குத்தினாலும் கொப்புளம் வந்தாலும் இனி இவருக்குத் தெரியாது, தினமும் யாராவது கண்ணால் பார்த்தால்தான் உண்டு, புண் முற்றினால் காலை எடுக்க வேண்டி வரும் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து அந்தக் கால்களைக் காப்பாற்றுவதுதான் என் பிழைப்பு. ஆளை மாற்ற முடியாது, ஆளின் கை போகிற இடத்தை மாற்றலாம் என்பது என் கணக்கு. குளித்துவிட்டு வந்ததும் அவர் கை தானாகத் திருநீற்றுத் தட்டுக்குப் போகும். மாத்திரை அட்டையை அந்தத் தட்டிலேயே வைத்தேன். டீக்கடைப் பக்கம் ஒதுங்காமலிருக்கச் சீனியில்லாத டீயை பிளாஸ்க்கில் கொடுத்தனுப்பினேன். நடக்கப் போங்கள் என்று நச்சரிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் வாங்கிய பாலை நிறுத்திவிட்டு, திருச்சுழி ரோட்டில் கண்மாய்க்கரை தாண்டி ஒரு வீட்டில் சொல்லிவைத்தேன். காபி இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. முனகிக்கொண்டே தூக்குவாளியோடு கிளம்பிவிடுவார்.

தறிக் கூடத்துக்குள் வெறுங்காலோடுதான் போவார்கள். நான் முதலாளியிடம் பேசி, சர்க்கரைக்காரர்களுக்கான எம்.சி.ஆர். செருப்பை உள்ளேயும் போட்டுக்கொள்ள வைத்தேன். "ஏலே, கலெக்டரு வாராரு, வழி விடுங்க" என்று கூட்டாளிகள் ஓட்டினார்களாம். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், பிறகு பழகிவிட்டது.

சாயங்காலம் டி.வி.யில் சீரியல் பாட்டு வந்ததும் காலை முக்காலியில் தூக்கி வைப்பார். நான் கழுவி, விரலிடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்து, முகம் பார்க்கிற கண்ணாடியை உள்ளங்காலுக்குக் கீழே பிடித்துப் பார்ப்பேன். "அப்பிடியே பவுடரும் போட்டு விடு, பொண்ணு பாக்கப் போறேன்" என்பார். சிரிப்பேன். சும்மா சொல்லக் கூடாது, அந்த ஒரு வருஷம் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம்.

சர்க்கரை இறங்கியது. டாக்டரே பாராட்டினார். வெளியே வந்ததும் இவர் அம்மன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா கொறச்சு விட்டுட்டா. கொறஞ்சா பூக்குழி எறங்குறேன்னு நேந்திருந்தேன். வார பங்குனிக்கு எறங்கணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிளாஸ்க் கழுவியது நான், காலைக் கழுவியது நான், பேர் மட்டும் அம்மனுக்கா? பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பொறாமையைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது.

"ஏங்க, தொட்டாலே தெரியாத காலுங்க அது. தீயில வைக்கலாமா?"

"தெரியாதுல்ல? அப்ப என்ன பயம்?" என்று சிரித்தார்.

அழுது பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். சாமி விஷயத்தில் குறுக்கே நிற்கிறாள் என்று சொந்தபந்தம் என்னைத்தான் பேசியது. காப்பு கட்டினார். செருப்பு மூலைக்குப் போனது. விடியுமுன் எழுந்தார், அளவாகச் சாப்பிட்டார், ஒரு நாள் தவறவில்லை. நான் பாடுபட்டுப் பழக்கிய ஒழுங்கை அப்படியே எடுத்து விரதத்துக்குக் கொடுத்துவிட்டார்.

பூக்குழி அன்று மற்றவர்களெல்லாம் ஓட்டமும் நடையுமாகக் கடந்தார்கள். இவர் நிதானமாக, கண்மாய்க்கரையில் பால் வாங்கப் போகிறவரைப் போல நடந்து வந்தார். கூட்டம் குலவை போட்டது. பெண்கள் அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"சுடவே இல்ல புள்ள!" என்றார் என்னிடம். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் நின்ற இடத்திலேயே உடைந்து அழுதேன். பக்கத்தில் நின்ற அம்மாள் பக்தியில் அழுகிறேன் என்று நினைத்து என் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டாள்.

அன்று சாயங்காலம் சீரியல் பாட்டு வந்தது, கால் முக்காலிக்கு வரவில்லை.

"காப்பு அவுக்குற வரைக்கும் கண்ணாடி வேணாம். ஆத்தா நடத்தி வச்ச கால்ல குத்தம் தேடாத" என்றார். அடுத்தடுத்த நாள் மத்தியானம் கண்ணயரும்போது பார்க்கப் போனாலும் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். காப்பு அவிழ்ப்பதற்குள் வீட்டில் வாடை வந்துவிட்டது. இடது காலில் கட்டைவிரலுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

மதுரைக்குக் காரில் கொண்டுபோனோம். காரியாபட்டி தாண்டும்போது காய்ச்சல் வேகத்தில், "பால் வாங்கியாச்சா?" என்று கேட்டார். வாங்கியாச்சு என்றேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பார்க்க வந்தவர்கள், "வெரதத்துல எங்கயோ கொற வச்சிட்டாக" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். காபி போட்டுக் கொடுத்தேன். அவரும் அதைக் கேட்டுக்கொண்டே காபியைக் குடித்தார். அவருக்கு இன்றைக்கும் தீ சுடவில்லைதான். கால் போனது வேறு ஏதோ தெய்வக் குற்றம்.

இப்போதும் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. திருநீற்றுத் தட்டில் மாத்திரை, சீனியில்லாத டீ, முக்காலி, கண்ணாடி. பாலுக்கு மட்டும் நான் போகிறேன். மதுரையில் ஒரு துண்டு நைலான் நரம்பு கொடுத்து, இருக்கிற காலைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தக் காலும் மரத்துக்கொண்டு வருகிறது. அதை விட்டுவிட்டால் எங்களுக்கு வேறு கால் இல்லை.

நேற்றும் சீரியல் பாட்டு வந்ததும் காலைத் தூக்கி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நரம்பை இன்னும் கையிலேயே எடுக்கவில்லை.

"தெரியுது புள்ள" என்றார். "நல்லாவே தெரியுது."

சரிங்க என்று சொல்லிவிட்டு, விரலிடுக்கைத் துடைக்கத் தொடங்கினேன்.