பிரபுவின் இரண்டாவது மனைவி

கோடை விடுமுறை விட்டதும் என்னை எங்கள் ஊரான காணையிலிருந்து திண்டிவனத்துக்கு அழைத்துப்போய்ச் சித்தி வீட்டில் விடுவது அம்மாவின் வழக்கம். சித்திக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் குழந்தையில்லை. அதனால் எனக்குப் போட்டியில்லை. மேலும், அந்த வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது.

அதில் சித்தி பார்த்த வேலை விநோதமானது. பல நூறு வருடங்களுக்கு முன்பு ஐரோப்பாவில் வாழ்ந்த பிரபுக்களின் வம்சாவளியைப் பழைய புத்தகங்களின் ஸ்கேனைப் பார்த்து டைப் செய்வாள். யாருக்கு யார் மகன், யார் யாரைக் கட்டினார்கள், கோட்டை யாருக்குப் போனது. இதற்கெல்லாம் ஒருவன் சம்பளம் கொடுப்பான் என்பதைச் சித்தப்பா கடைசிவரை நம்பவில்லை.

எனக்குப் பிடித்தவர்கள் பிஷப்புகள். நான் பார்த்திருந்த பிஷப், கிறிஸ்துமஸ் அன்று டிவியில் வாழ்த்துச் சொல்பவர். அந்தக் காலத்து பிஷப்போ நாட்டையே ஆண்டு, வரி வாங்கி, கவசம் மாட்டிக்கொண்டு சண்டைக்கும் போயிருக்கிறார். கல்யாணம்தான் கிடையாது. அவருக்குப் பிறகு அக்காள் மகனோ அண்ணன் மகனோ அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்வான்.

ஒருநாள் ஒரு பிரபுவின் பக்கம் வந்தது. பிள்ளையில்லை என்று முதல் மனைவியைக் கன்னியர் மடத்துக்கு அனுப்பிவிட்டு இன்னொருத்தியைக் கட்டியவர். அவளுக்கும் பிள்ளை பிறக்கவில்லை. மடத்துக்குப் போனவள் என்ன ஆனாள் என்று கேட்டேன்.

“அத யாரும் எழுதல கண்ணு” என்றாள் சித்தி.

அந்த வாரமே விக்கிரவாண்டியிலிருந்து சித்தியின் மாமியாரும் சித்தப்பாவின் அண்ணனும் வந்தார்கள். மாமியார் அமாவாசைதோறும் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய் மருமகளுக்காக வேண்டிக்கொண்டு வருபவர். சித்தி காபி போட உள்ளே போனதும் அவர் சித்தப்பாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“சொந்தத்துலயே ஒரு பொண்ணப் பாத்து வச்சிருக்கேன்டா. இவளும் இங்கயே இருக்கட்டும், யாரு தொரத்தப் போறா?”

சித்தப்பா தரையைப் பார்த்தார். சித்தி காபித் தட்டோடு கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

பெரியவர்கள் எனக்குத் தெரிந்த விஷயத்தைப் பேசுகிறார்கள் என்று எனக்கு ஒரே உற்சாகம்.

“சித்தி, அந்தப் பிரபு ரெண்டாவது கட்டியும் கொழந்தயே பொறக்கல இல்ல?”

மாமியார் என்னை முறைத்தார். சித்தப்பாவின் அண்ணன் மட்டும், “எந்தப் பிரபும்மா, ரைஸ்மில் பிரபுவா?” என்று அக்கறையாக விசாரித்தார்.

சித்தப்பா எழுந்து போய்ச் சித்தியின் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

“கொற எங்கிட்டதாம்மா. டாக்டரு எப்பவோ சொல்லிட்டாரு. வெளிய தெரிஞ்சா எனக்கு அசிங்கம்னு இவதான் வாய மூடிக்கினு, நீங்க பேசறதெல்லாம் கேட்டுக்கினு இருக்கா.”

“இப்ப எதுக்குங்க அதெல்லாம்” என்றாள் சித்தி.

மாமியார் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சித்தியைக் கைப்பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, “எங்கிட்டயாவது சொல்லக்கூடாதாம்மா?” என்று அழுதார். பார்த்து வைத்த பெண்ணைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவேயில்லை.

எங்கள் டீச்சர் என்னைப் பற்றி அம்மாவிடம் குறை சொல்வதைப் போல, டாக்டர் சித்தப்பாவைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். இதற்குப் போய் ஒரு வீடே அழுமா? பாவமாக இருந்தது. சித்தப்பாவிடம் போய், “அடுத்த தடவ டாக்டரு உங்கள நல்லவருன்னு சொல்லுவாரு, பாருங்க” என்றேன்.

சித்தப்பா என்னைத் தூக்கி அணைத்துக்கொண்டார். அவர் ஏன் அவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறார் என்று தெரியாமல், மூச்சு முட்டுகிறது, விடுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தேன்.