கோயில் படியில் வெட்டிய ஊர்

எங்கள் தோட்டத்தில் பழைய கட்டடம் என்றால் மூன்றுதான்: துரை பங்களா, தேயிலை ஸ்டோர், மாரியம்மன் கோயில். முதல் இரண்டுக்கும் ஆபீசில் பத்திரம் உண்டு. கோயிலுக்கு இருந்ததெல்லாம் ஒரு படிக்கல். தாத்தா உபயமாகப் போட்டது. அவர் பேரும் வருஷமும் அதில் வெட்டியிருக்கும்.

இந்தத் தீவின் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டபோது அப்பாவிடம் பிறப்புச் சான்று இல்லை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர், யாரும் பதிந்து வைக்கவில்லை. மனு தள்ளுபடியானால் நாங்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள். விசாரிக்க அதிகாரி தோட்டத்துக்கே வருகிறார் என்றதும் எனக்கு அந்தக் கல் ஞாபகம் வந்தது.

"கல்லக் காட்டுவோம்ப்பா. நீங்க பொறக்கிறதுக்கு முந்தியே தாத்தா இங்க இருந்தாருன்னு வருஷம் அதுல இருக்கு" என்றேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர் வருவதற்கு முதல் நாள், பறித்த கொழுந்தை நிறுத்துவிட்டு வந்து, தேங்காய் நாரும் சாம்பலுமாகப் படியில் உட்கார்ந்தேன். வருஷம் பளிச்சென்று தெரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. பாசி மூடிக் கிடந்த மேல் வரியையும் தேய்த்தேன். 'துறையூர்' என்றிருந்தது. உபயம் செய்கிறவர்கள் பேருக்கு முன்னால் ஊரைப் போடுவது வழக்கம்தானே, நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

காலையில் அதிகாரி வந்தார். கூடவே தமிழ் தெரிந்த உதவியாளர் ஒருவர். அதிகாரி குனிந்து வருஷத்தைப் பார்த்தார், குறித்துக்கொண்டார். அவர் முகம் கொஞ்சம் இளகியது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அப்போதுதான் உதவியாளர் மேல் வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"துறையூர் எங்க இருக்கு?"

"திருச்சிப் பக்கமுங்க" என்றார் அப்பா.

"அதுதான் உங்க ஊரா?"

இல்லையென்று சொல்லச் சொல்லிக் கண்ணால் கெஞ்சினேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமாங்க. அதுதானுங்க எங்க ஊரு."

கடலையே பார்த்திராத மனுஷன்! பெண் பார்க்கப் போனாலும் சாவு வீட்டுக்குப் போனாலும் "நீங்க எந்த ஊருங்க?" என்பதற்கு அந்தப் பதிலைச் சொல்லியே பழகிய வாய்.

"ஐயா, அப்பா அந்த ஊரக் கண்ணால பாத்ததே இல்லீங்க!" என்று கத்தினேன்.

"உங்கள யாரும் கேக்கலம்மா" என்றார் உதவியாளர். அதிகாரியின் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஆபீசில் கிளாக்கர் வாசித்துச் சொன்னார்: தன் சொந்த ஊர் இந்தியாவில் இருப்பதை மனுதாரரே ஒப்புக்கொண்டதால் மனு நிராகரிக்கப்படுகிறது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அந்த அதிகாரி மேல், அப்பா மேல், எல்லாவற்றுக்கும் மேலாகச் சாம்பலும் நாருமாக உட்கார்ந்த என் மேல்.

திரும்பி வரும் வழியில் அப்பா கோயில் படியருகே நின்றுவிட்டார்.

"நான் என்ன புள்ள தப்பாச் சொன்னேன்? எந்த ஊருன்னு கேட்டாங்க, சொன்னேன். எங்க பொறந்தேன்னு கேட்டிருந்தா, அந்தா லயத்துல தெரியுதே மூணாவது காம்பரா, அதக் கையக் காட்டியிருப்பேனே. அத யாரும் கேக்கலியே."