செருப்போடு கிரிவலம் போனேன்

அண்ணாமலையாரை நம்புகிற எல்லாருக்கும் சொல்கிறேன். நான் சாமியை வாய்க்கு வந்தபடி திட்டினவள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. என் வீட்டுக்காரர் ஏழுமலை, கிரிவலப் பாதையில் லைட் கட்டுகிற வேலைக்குப் போவார். போன ஐப்பசிப் பௌர்ணமி அன்று மத்தியானம் கம்பத்து உச்சியிலிருந்து விழுந்தார். இடுப்பில் கட்ட பெல்ட் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி போவதற்குள் உயிர் போய்விட்டது. மகள் ஏழாவது படிக்கிறாள்.

காரியம் முடிந்ததும் நஷ்டஈடு கேட்டுக் காண்ட்ராக்டரிடம் போனேன். பாவி, உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"அன்னிக்கு உன் புருஷன் வேலைக்கே வரலியேம்மா. கிரிவலம் சுத்த வந்தவரு, கூட்டத்துல மயக்கம் போட்டு விழுந்துட்டாரு. சாமியைச் சுத்தும்போது உயிர் போனா புண்ணியம்மா. அதுக்குப் போய் காசு கேக்கிறியே!"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன்னிடம் வருஷக்கணக்கில் உழைத்தவரை ஒரே வார்த்தையில் பக்தராக்கிவிட்டான். கூடக் கம்பம் ஏறினவர்கள் வாயே திறக்கவில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். வேலையில் இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். சம்பளச் சீட்டா, பேர் எழுதின நோட்டா, என்ன இருக்கிறது எங்களிடம்? வாய்தா மேல் வாய்தா.

கடைசி வாய்தாவுக்கு முந்தின நாள் காலையில் மலையைச் சுற்றக் கிளம்பினேன். பக்தி இல்லை, ஆத்திரம். வேண்டுமென்றே செருப்பைக் கழற்றவில்லை.

"உன்னைச் சுத்த வந்தாருன்னு சொல்றானே, வந்தாரா? உனக்குத் தெரியாதா? கல்லு மாதிரி உக்காந்திருக்கியே, சொல்லேன்! சொல்லலன்னா இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்!" மலையைப் பார்த்துக் கத்தினேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கொஞ்ச தூரம் போனதும் பூ விற்கிற ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, செருப்போட கிரிவலம் சுத்துற? யாராவது சுத்துவாங்களா? கழட்டும்மா!"

அவளையும் திட்ட வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. ஐயோ சாமி! விழுந்த அன்று என் வீட்டுக்காரர் காலில் பூட்ஸ் இருந்ததே!

காண்ட்ராக்டர் கொடுத்த கறுப்பு பூட்ஸ். ஒரு சைஸ் பெரிது. என் பழைய புடவையைக் கிழித்து விரல் பக்கம் திணித்துக் கொடுத்ததே நான்தான். வீட்டுக்கு ஓடினேன். போலீஸ் எழுதின பிரேத விசாரணை அறிக்கை பையில் இருந்தது. அன்றைக்குப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதம். உடம்பில் இருந்த சாமான் வரிசையில் எழுதியிருந்தார்கள்: துணி திணித்த கறுப்பு பூட்ஸ் ஒரு ஜோடி.

மறுநாள் அதிகாரி அதைப் படித்தார். காண்ட்ராக்டர் சாட்சிக்கு அழைத்து வந்திருந்த ஆளின் காலைப் பார்த்தார். அதே கறுப்பு பூட்ஸ்.

"கிரிவலம் வந்தவரு உங்க ஆளுங்க பூட்ஸ் போட்டுக்கிட்டா வந்தாரு?"

சாட்சிக்கு வந்தவர் உடைந்து அழுதார். "எங்களோடதாங்க கம்பம் ஏறினாரு. பொய் சொல்லச் சொன்னாங்க சார்."

வேலை செய்யும்போது இறந்த தொழிலாளி என்று உத்தரவில் எழுதினார்கள். தொழிலாளி என்ற அந்த ஒரு வார்த்தையை மகளிடம் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நஷ்டஈடு வந்தது. அவள் படிப்பு நிற்காது. அப்பனே, உனக்குக் கோடி நமஸ்காரம்.

காண்ட்ராக்டரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லிச் சாமியும் கேட்கவில்லை.

உங்களுக்கு அநியாயம் நடந்தால் கோபத்தோடேயே அவரிடம் போங்கள், சண்டை போடுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் இப்போது பௌர்ணமிதோறும் வெறுங்காலோடு சுற்றுகிறேன். கம்பத்தில் ஏறியிருப்பவர்களின் இடுப்பைப் பார்த்துக்கொண்டே போவேன். பெல்ட் இல்லையென்றால் அங்கேயே நின்று கத்துவேன். மலைக்கே கேட்ட குரல், காண்ட்ராக்டருக்குக் கேட்காதா?